லாங் பஜார் சந்தில் ஒரு தையல் மிஷின் ரிப்பேர் கடை

வீட்டில் பழைய கால் மிஷின் வைத்திருப்பவர்கள், அதை எடைக்குப் போடும் முன் வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

எங்களுடையது பாட்டிக்கு அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த சிங்கர், இப்போது அதில் நான் ரவிக்கை தைக்கிறேன். இரண்டு வாரமாகத் தையல் விட்டு விட்டு விழுந்தது, நூலும் அறுந்துகொண்டே இருந்தது. முதலில் போன வேறொரு கடையில் ஷட்டில் (ஊசிக்குக் கீழே அடிநூலைக் கோக்கும் பாகம்) போய்விட்டது, சாமான் கிடைக்காது, மோட்டார் மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இந்தக் கடை பாய் எதையும் கழற்றவில்லை. சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஊசியை உருவி என் கையில் வைத்தார். "திருப்பி மாட்டியிருக்கீங்கம்மா, அவ்வளவுதான்." (மகள் மாற்றிய ஊசி.) நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம், நூல் அதில் படிந்து இறங்கும். மறுபக்கம் காதுக்கு மேலே சின்னதாக ஒரு குழிவு. ஊசி அடிவரை போய் இம்மியளவு மேலே எழும்பும்போது அந்தக் குழிவுப் பக்கம் நூல் கண்ணியாக உப்பும், ஷட்டில் மூக்கு அதைக் கவ்வி, பாபின் உருளையில் இருக்கும் அடிநூலைச் சுற்றிக் கொண்டுவரும். ஊசி திரும்பியிருந்தால் மூக்குக்குக் கண்ணி சிக்காது. இத்தனை வருடம் தைக்கிறேன், இதை ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை.

கை ஊசிக்குக் காது தலையில், மிஷின் ஊசிக்கு முனையில். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மிஷினே இந்த முனைக்காது ஊசியும் ஷட்டிலும் சேர்ந்ததுதான். ஐசக் சிங்கர் வாங்கியது 1851-ல். அந்தக் கம்பெனி தவணையில் மிஷின் விற்க ஆரம்பித்த 1856-ல்தான் நம்ம பக்கம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1806-ல், நம்ம கோட்டையில் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையை எதிர்த்துக் கிளம்பினார்களே, அந்த உடுப்பெல்லாம் கைத்தையல்தான். கடையிலிருந்து கோட்டைப் பக்கம் நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் மிஷின் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஒய் எழுத்தில் தொடங்குவதால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது என்றார்.

பெல்ட்டும் தளர்ந்திருந்தது. நைலான் கயிறு போதுமா என்று கேட்டேன். "ஆம்பூர், ராணிப்பேட்டையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நைலான் எதுக்கும்மா?" என்று தோல் பெல்ட்டையே வெட்டி, கம்பி கிளிப் அடித்துக் கொடுத்தார். அப்புறம் எண்ணெய் விட்டு, என்னையே ஊசி மாட்ட வைத்து, ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டச் சொன்னார். எல்லாம் சேர்த்து 350 ரூபாய். ஊசிக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கமாட்டார், மிஷின் தலையை மட்டும் கழற்றி ஆட்டோவில் கொண்டு போக வேண்டும். பழைய பெல்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், நீளம் அதை வைத்துத்தான் வெட்டுவார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்.