வென்ற காசை எடுக்க வரி கட்டச் சொன்னார்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருந்துகொண்டு ஐஸ் ஹொக்கி பிளேஓஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளுக்கு, பந்தயம் கட்டுகிறவர்கள் கவனிக்கவும். வென்ற காசை வெளியே எடுப்பதற்கு முதலில் 15 வீத வரி கட்டுங்கள் என்று ஒரு தளம் கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். கனடாவில் பொழுதுபோக்காகப் பந்தயம் கட்டி வெல்லும் காசுக்கு வருமான வரி கிடையாது. அதையே தொழிலாகச் செய்கிறவரின் கதை வேறு. அவரிடமும் வருமான வரித் திணைக்களம்தான் கேட்கும். பந்தயத் தளம் இன்ரறக்கில் (வங்கியில் இருந்து மின்னஞ்சல் வழியாகக் காசு அனுப்பும் முறை) வாங்கித் திணைக்களத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்காது.

என்னுடைய 4,180 டொலர் இந்த 'வரி'க்குப் பின்னால்தான் சிக்கிக் கிடக்கிறது. தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, இதற்குள் வேறு பெயரில் வந்திருக்கும். பெயரை விட்டுவிட்டு, ஆள் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள்.

2025 ஏப்ரலில் எங்கள் ரொறன்ரோ அணியான லீஃப்ஸும் ஒட்டாவா செனட்டர்ஸும் முதல் சுற்றில் மோதினார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு தொடர், முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். ரொறன்ரோ முழுக்க அதே பேச்சு. 1967க்குப் பிறகு ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தைக் காணாத ஊர், ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த முறை இந்த முறை என்று சொல்லிக்கொள்ளும். அந்தச் சூட்டில்தான் வேலையிடத்து வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. நீல நிறம், நடுவில் கிண்ணம், கீழே தமிழில் "200 டொலர் போட்டால் இன்னும் 200 இலவசம்". அதோடு ஒரு டெலிகிராம் இணைப்பு. அந்தப் படமே ஒரு அடையாளம் என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற பந்தய நிறுவனங்கள் போனஸைக் காட்டிப் பொதுவில் விளம்பரம் செய்யக் கூடாது. தங்கள் சொந்தத் தளத்தில் போடலாம், சம்மதம் கொடுத்த வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பலாம், அவ்வளவுதான். தெருவில் நோட்டீஸ் கொடுப்பது போல ஒருவர் போனஸ் படத்தைப் பரப்புகிறார் என்றால் அவர் அந்த விதிக்குள் இல்லாதவர்.

டெலிகிராம் குழுவை நடத்தியவர் நல்ல தமிழில் கதைத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, எல்லோரையும் அண்ணை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆட்டத்துக்கு ஆட்டம் 'உள் தகவல்' என்று ஒன்று வரும்: இன்ன அணியின் கோல் காப்பாளருக்கு இடுப்பு நோகிறது, இன்னார் இன்று பயிற்சிக்கு வரவில்லை. ஹொக்கி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பிளேஓஃப் நேரத்தில் அணிகள் காயத்தைப் பற்றி வாயே திறக்காது. மேலுடம்புக் காயம், கீழுடம்புக் காயம் என்று இரண்டே வார்த்தை. புளோரிடாவின் மத்தியூ கச்சக் அந்த வருடம் எவ்வளவு மோசமான காயத்தோடு ஆடினார் என்ற விபரம் கிண்ணம் வென்ற பிறகுதான் வெளியே வந்தது. பயிற்சியாளரும் வைத்தியரும் மூடி வைப்பது டெலிகிராமில் இலவசமாகக் கிடைக்குமா?

காசு போடுவது இன்ரறக் மின்மாற்றில். நிறுவனத்தின் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் மின்னஞ்சலுக்கு. ஒவ்வொரு முறையும் வேறு மின்னஞ்சல். "வங்கி லிமிட் இருக்குது அண்ணை, அதுதான் மாத்தி மாத்தித் தாறம்" என்றார் அந்த ஆள். அந்த மின்னஞ்சல்கள் தானாக வைப்பிலிடும்படி அமைக்கப்பட்டவை. அனுப்பிய நொடியே போய்ச் சேர்ந்துவிடும், நிறுத்தவோ திருப்பி எடுக்கவோ முடியாது.

முதல் வில்லங்கம் ஒட்டாவாத் தொடரின் இரண்டாவது ஆட்டத்திலேயே வந்தது. 'லீஃப்ஸ் வெற்றி' என்ற பொத்தானை அழுத்தியிருந்தேன். ஓவர்டைமில் (60 நிமிடத்தில் சமநிலையானால் ஆடும் கூடுதல் நேரம்) மக்ஸ் டோமி கோல் போட்டு லீஃப்ஸ் 3-2 என்று வென்றது. என் கணக்கிலோ 'தோல்வி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. கேட்டால், அது 60 நிமிடத்துக்கான பந்தயமாம். 60 நிமிட முடிவில் ஆட்டம் 2-2, ஆகவே சமநிலை, ஆகவே தோல்வி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையான தளங்களிலும் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஹொக்கியில் வெற்றிக்கு இரண்டு விதமான பந்தயம் உண்டு. ஒன்று ஓவர்டைமையும் சேர்த்தது. யார் கடைசியில் வென்றாரோ அவருக்குக் காசு. மற்றது வழக்கமான 60 நிமிடத்துக்கு மட்டும். அதில் இந்த அணி, அந்த அணி, சமநிலை என்று மூன்று முடிவுகள். மூன்றாவது ஒன்று இருப்பதால் விலை, அதாவது வென்றால் கிடைக்கும் காசின் விகிதம், கூடுதலாகக் காட்டும், கண்ணை இழுக்கும். பிளேஓஃபில் பெனால்டி ஷூட்டவுட் இல்லை. ஐந்துக்கு ஐந்து ஆட்களோடு, 20 நிமிடம் 20 நிமிடமாக, ஒரு கோல் விழும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். இறுக்கமான ஆட்டங்கள் நிறைய அங்கே போகும். அந்த ஒட்டாவாத் தொடரில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் மூன்றுமே ஓவர்டைமில்தான் முடிந்தன. 60 நிமிடப் பந்தயம் என்று தெரிந்து கட்டினால் அதில் பிழை ஒன்றும் இல்லை. அனுமதி பெற்ற தளங்களில் அது தலைப்பிலேயே எழுதியிருக்கும். இந்தத் தளத்தில் பொத்தானில் அணியின் பெயரும் விலையும் மட்டும். விதி, வேறொரு பக்கத்தில் கீழே சாம்பல் நிற எழுத்தில். ஓவர்டைமைச் சேர்த்த பந்தயம் அந்தத் தளத்தில் இருக்கவே இல்லை.

சண்டை பிடித்தேன். உடனே அந்த ஆள் "உங்கட மனம் நோகக் கூடாது அண்ணை" என்று 50 டொலரைக் கணக்கில் போட்டுவிட்டார். அடுத்த கிழமை 150 டொலர் எடுக்கக் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் வங்கிக்கு வந்தது. இந்த 150ஐத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். "காசு எடுத்துப் பார்த்தேன், வந்தது, ஆகவே நம்பலாம்" என்று குழுவில் எத்தனையோ பேர் எழுதினார்கள். சின்னத் தொகை வருவது அவர்களுடைய விளம்பரச் செலவு.

அடுத்த சுற்றில் லீஃப்ஸுக்கு எதிரணி புளோரிடா பந்தர்ஸ். லீஃப்ஸ் முதல் இரண்டையும் வென்று, மூன்றாவதில் ஓவர்டைமில் விழுந்தது. அந்தக் கோலைப் போட்டது பிராட் மார்ஷாண்ட். பொஸ்ரனில் இருந்தபோது இத்தனை வருடம் எங்கள் வயிற்றெரிச்சலை வாங்கியவர், அணி மாறி வந்தும் விட்டபாடில்லை. தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய், சொந்த அரங்கிலேயே 6-1 என்று முடிந்தது. அந்த ஏழாவது ஆட்டத்துக்கு எங்கள் குழுவில் வந்த தகவல் "புளோரிடா, கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கோ". குழு முழுக்க அந்த ஆளைத் தலையில் தூக்கி வைத்தது.

மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சானும் இதே ஆளின் குழுவில் இருந்தான். ஆனால் வேறு குழு. அவனுக்கு அன்று வந்தது "லீஃப்ஸ், வீட்டு அரங்கு, உறுதி". மறுநாள் அந்தக் குழுவே இல்லை. இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. பிளேஓஃபில் சமநிலை முடிவு கிடையாது, ஒருவர் வென்றே ஆக வேண்டும். 400 பேரைப் பிடித்து, 200 பேருக்கு ஒரு அணி, மற்ற 200 பேருக்கு மற்ற அணி என்று சொன்னால் ஒரு பாதிக்குச் சரி வந்தே தீரும். பிழையான தகவல் போன பாதியை விட்டுவிட்டு, மிஞ்சியவர்களை மறுபடி இரண்டாகப் பிரித்தால் 100, பிறகு 50. அந்த 50 பேரைப் பொறுத்தவரை இந்த ஆள் மூன்று முறை சொன்னதும் மூன்று முறையும் பலித்தது. ஹொக்கி தெரிந்திருக்கவே தேவையில்லை. நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாத விளையாட்டு இது. 2023இல் பிளேஓஃபுக்கு முந்திய வழக்கமான பருவத்தில் 65 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த பொஸ்ரன் பிளேஓஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2019இல் அதேபோல 62 வென்ற தம்பா பே முதல் சுற்றில் நான்குக்குப் பூச்சியம் என்று போனது.

அதற்குப் பிறகு அவருடைய தகவலைக் கேட்கவில்லை. தளத்தில் கிடந்த காசை வைத்து என் கணிப்பில் இறுதிச் சுற்றுக்குக் கட்டினேன்: எட்மன்ரனுக்கு எதிராகப் புளோரிடா கிண்ணத்தை வெல்லும் என்று. ஜூன் 17ஆம் தேதி ஆறாவது ஆட்டத்தில் 5-1. கணக்கில் 4,180 டொலர் என்று காட்டியது. எடுக்கக் கேட்டேன்.

முதலில் அடையாளம் உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். சாரதி அனுமதிப் பத்திரம், கடவுச்சீட்டு, மின்சாரக் கட்டணச் சீட்டு எல்லாம் கேட்டு வாங்கினார்கள். அனுமதி பெற்ற தளங்களும் அடையாளம் கேட்கும், ஆனால் கணக்குத் திறக்கும்போதே கேட்கும். காசு போடும்போது பெயர்கூடச் சரியாகக் கேட்காத தளம், எடுக்கும்போது கடவுச்சீட்டைக் கேட்டது. அடுத்து வந்ததுதான் வரி: 4,180க்கு 15 வீதம், 627 டொலர்.

"அப்படியென்றால் அந்த 627ஐ என் 4,180இல் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள்" என்றேன்.

"அது சிஸ்டம் விடாது அண்ணை. புதுக் காசாத்தான் வரவேணும். இது கவர்மெண்ட் டாக்ஸ்."

"திணைக்களத்தின் கடிதம் இருக்கிறதா?"

இருந்தது. வருமான வரித் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஒன்ராறியோ என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை. கட்ட மறுத்தேன், இரண்டு நாள் கெஞ்சல், பிறகு மிரட்டல், பிறகு கணக்குப் பூட்டு. குழுவில் இருந்த பிராம்ரன் பெடியன் ஒருவன் கட்டினான். வரி கட்டியதும் 'பணமோசடித் தடுப்பு வைப்பு' கேட்டார்கள், அதையும் கட்டியதும் 'அவசரச் சேவைக் கட்டணம்'. பாவம், அவனுக்குப் போன காசு, வென்றதாகக் காட்டிய காசை விடக் கூட.

வங்கி கைவிரித்துவிட்டது: நானாக அனுப்பிய காசு, தானாக வைப்பான காசு. கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் (1-888-495-8501) முறைப்பாடு கொடுத்தேன், ஒரு இலக்கம் தந்தார்கள். பொலிசிலும் எழுதிக்கொண்டார்கள். கடவுச்சீட்டுப் படம் அவர்கள் கையில் இருப்பதால் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் எக்குவிஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் இரண்டிலும் என் பெயருக்கு மோசடி எச்சரிக்கை போடச் சொன்னேன். என் பெயரில் யாராவது கடன் அட்டை எடுக்கப் போனால் கொடுப்பவர் என்னைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். அடையாளப் பத்திரம் கொடுத்தவர்கள் காசை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பிறகு இன்னொரு அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில், மிக மரியாதையாக. நான் இழந்த தொகை டொலர் கணக்குச் சரியாக அவருக்குத் தெரிந்திருந்தது. மீட்டுத் தருவாராம், 300 டொலர் முன்பணம். தொகை எனக்கும் அவர்களுக்கும் முறைப்பாடு எடுத்தவர்களுக்கும் மட்டும் தெரிந்தது என்றால், அழைத்தவர் யாருடைய ஆள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கட்டத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் வரை கனடாவில் ஒற்றை ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டவே சட்டம் விடவில்லை, பல ஆட்டங்களைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனதற்கு ஒரு காரணமாவது இருந்தது. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் தளங்களுக்கு முறையான அனுமதி உண்டு. இணையப் பந்தயத்தை நடத்தும் மாகாண அமைப்பான ஐகேமிங் ஒன்ராறியோவின் இணையத்தளத்தில் அனுமதி பெற்ற எல்லாவற்றின் பட்டியலும் இருக்கிறது. பட்டியலில் பெயரைத் தேடுங்கள். தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள், என்னை ஏமாற்றிய தளத்திலும் ஒரு சின்னம் இருந்தது. பட்டியலில் உள்ள தளம் காசு தராவிட்டால் முறையிட மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையம் இருக்கிறது. பட்டியலில் இல்லாத தளத்துக்கு எதிராக, நான் பார்த்தவரை, ஒரு கோப்பு இலக்கம்தான் மிச்சம். விட முடியாமல் கட்டிக்கொண்டே இருக்கிறவர் வீட்டில் யாரும் இருந்தால் கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவை, 1-866-531-2600, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்த டெலிகிராம் குழுவில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டாம். எந்தெந்த மின்னஞ்சல்களுக்குக் காசு அனுப்பினீர்கள் என்பதை வங்கிச் செயலியில் பார்த்து, திகதியோடு உங்கள் முறைப்பாட்டில் எழுதுங்கள். என் முறைப்பாட்டில் உள்ள மின்னஞ்சலே உங்களுடையதிலும் இருந்தால், அது ஒரு ஆளின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கணக்குகள் இங்கே, கனடிய வங்கிகளில், யாரோ ஒருவருடைய பெயரில்தான் திறக்கப்பட்டிருக்கின்றன.