லாஸ்பேட்டை பிரசவ வகுப்பு: முடிந்தால் அம்மாவோடு போங்கள்

புதுச்சேரியில் கர்ப்பிணிகளுக்கு யோகா, மூச்சுப்பயிற்சி என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். லாஸ்பேட்டையில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்பைப் பற்றி நான் எழுதக் காரணம், அங்கே கர்ப்பிணியின் அம்மாவையும் உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பிரசவம் என்ற பேச்சு வந்தாலே அம்மா "செத்துப் பிழைச்சேன்" என்பார். அதைக் கேட்டே வளர்ந்ததால், நாள் தள்ளிப்போனதுமே சிசேரியன்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வகுப்பில் சிஸ்டர் அம்மாவிடம், "உங்களுக்கு வலி எடுத்தப்ப கூட யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை, அப்புறம் கடலூரில் என்னைப் பெற்ற ராத்திரியைச் சொன்னார்: பாட்டியை வெளியே நிறுத்திவிட்டார்கள், கத்தினால் திட்டு, தொடையில் அடி, தண்ணீர் கேட்டாலும் பதில் இல்லை. "வலி மறந்துபோச்சு கண்ணு, அந்தத் திட்டு மறக்கல" என்றார். இத்தனை வருடத்தில் இதை எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பயம் ரத்தத்திலேயே வருகிறது என்றெல்லாம் சிஸ்டர் அடித்துவிடவில்லை, அது எனக்குப் பிடித்தது. வீட்டில் கேட்கிற பேச்சுதான் மகளுக்குள் போய் உட்காருகிறது, பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும் என்று நிதானமாக விளக்கினார். பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாதம் வாக்கிலேயே கருமுட்டைகள் உருவாகிவிடும் என்றும் சொன்னார். அதாவது என் குழந்தைக்கான முட்டை, நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உண்டானது. "அப்ப இதையும் நான்தான் சுமந்தேனா!" என்று அம்மா சந்தோஷப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரசவ அறையில் கர்ப்பிணி விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது, அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளை மேம்படுத்த 2017-இல் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் அதைச் சொல்கிறது. செக்கப் போகும்போதே யாரை உள்ளே விடுவீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். கேட்டேன், விட்டார்கள். எனக்கும் வலி கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் விடிய விடிய அம்மா என் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, நிறைமாதக்காரிகளுக்குக் கஷ்டம். கணவர்களுக்கு ஒரே ஒரு வகுப்பு, அது போதவே போதாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவம் சிசேரியன், அப்படியிருக்க தையலோடு எப்படி எழுந்திருப்பது, எப்படிப் படுத்துப் பால் கொடுப்பது என்பதைக் கடைசியில் அவசரமாக முடித்துவிட்டார்.

வளைகாப்பு வரை காத்திருக்காமல் ஆறாம் மாதமே சேர்ந்துவிடுங்கள். அம்மா இல்லாதவர்கள் மாமியாரையோ சித்தியையோ அழைத்துப் போகலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.