நாற்காலியில் ஒரு மணி நேரமா, வீட்டில் இரண்டு வாரமா? பல் வெண்மையாக்கும் சிகிச்சைகள் ஓர் அலசல்

பல்லை வெண்மையாக்கிக்கொள்ள நம் ஊர்க் கிளினிக்குகளில் இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பல் மருத்துவரின் நாற்காலியில் ஒரே அமர்வில் வீரியமான ஜெல் வைத்துச் செய்வது. விளம்பரங்களில் ‘லேசர் பிளீச்சிங்’ என்று வருவது பெரும்பாலும் இதுதான். மற்றொன்று, நம் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய டிரேயில் மென்மையான ஜெல்லை இட்டு, இரவில் வீட்டிலேயே அணிந்துகொள்வது. முதலாவதற்கு விலையும் அதிகம், பெயரும் அதிகம். பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான். அதற்கான காரணங்களைச் சொல்லும் முன், இரண்டுமே தேவைப்படாதவர்களைப் பற்றிப் பேசிவிடலாம்.

டீ, காபி, வெற்றிலைப் பாக்கு, புகையிலை ஆகியவற்றால் வரும் கறை பல்லின் மேற்பரப்பில் படிவது. வாரக்கணக்கில் குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் கொப்பளிப்பவர்களுக்கும் இப்படிப் பழுப்புக் கறை படியும். ஸ்கேலிங் (பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பது) செய்து பாலிஷ் போட்டால் இவை போய்விடும். பலருக்கு அதுவே போதும். கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘பிளீச்சிங் வேண்டாம் டாக்டர்’ என்று கிளம்பிவிடுவார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பல்லை ஆட வைப்பது காரை ஏற்படுத்திய ஈறு நோய். காரை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஆட்டம் தெரிவதில்லை, எடுத்ததும் தெரிகிறது. பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

சுத்தம் செய்த பிறகும் மிஞ்சுவது பல்லின் சொந்த நிறம். எனாமல் கிட்டத்தட்ட ஒளி புகும் படலம். அதன் அடியில் உள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, பல் மஞ்சளாகிறது. கோரைப் பல் பக்கத்துப் பற்களைவிட ஒரு படி மஞ்சளாக இருப்பதும் நோயல்ல. உமிக்கரி, செங்கல் பொடி, இப்போது புதிதாக வரும் கரி பேஸ்ட், எலுமிச்சைச் சாறு என்று தேய்ப்பவர்கள் எனாமலைத்தான் மெலியச் செய்கிறார்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. வெள்ளையாக்கப் போய், உள்ளே இருக்கும் மஞ்சளுக்கு ஜன்னல் திறந்துவிடுகிறார்கள்.

உள்நிறத்தை மாற்ற இரு முறைகளிலும் பயன்படுவது ஒரே பொருள்தான்: ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலை ஊடுருவி டென்டின் வரை போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை நிறமற்ற சிறிய துண்டுகளாக உடைக்கிறது. எனாமலைச் சுரண்டுவதில்லை. வேறுபடுவது வீரியமும் நேரமும்.

நாற்காலியில் நடப்பது

கிளினிக்கில் வைக்கும் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். தோலில் பட்டாலே வெந்து வெளுத்துவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் முழுக்கப் பாதுகாப்பு வேலை. உதடும் கன்னமும் விலகி நிற்க பிளாஸ்டிக் வளையம், கண்ணுக்குக் கண்ணாடி, ஈறு ஓரம் முழுவதும் நீல விளக்கில் இறுகும் பிசின் வேலி. அந்த வேலியில் சிறு இடைவெளி இருந்தாலும் நோயாளிக்குச் சுரீரென்று எரியும். உடனே சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஜெல்லை 15 அல்லது 20 நிமிடம் வைத்து உறிஞ்சி எடுப்பது, மறுபடி வைப்பது என்று இரண்டு மூன்று சுற்று. ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடலாம்.

அந்த நீல விளக்கைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லேசரோ, எல்இடி விளக்கோ, பல்லை நிலையாகக் கூடுதல் வெண்மை ஆக்குவதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வேலையைச் செய்வது ஜெல். விளக்கின் சூடு பல்லின் நரம்புக்குத் தொல்லைதான். ஆனாலும் கட்டணத்தில் கணிசமான பங்கு அந்த விளக்கின் பெயரில் வசூலாகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நோயாளி தன் பல்லுக்கு என்று நம்பிக் கொடுக்கும் பணம் அது.

இன்னொன்று, எழுந்தவுடன் கண்ணாடியில் தெரியும் வெண்மை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாய் திறந்தே இருந்ததில் பல் ஈரமிழந்திருக்கும். நனைந்த வேட்டியைவிட உலர்ந்த வேட்டி வெளுப்பாகத் தெரிவதில்லையா, அதே கதை. உமிழ்நீர் பட்டுப் பல் பழைய ஈரத்துக்கு வந்ததும் நிறம் ஒன்றிரண்டு படி இறங்கும். உண்மையான நிறம் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். ‘முன்-பின்’ புகைப்படங்கள் பெரும்பாலும் நாற்காலியிலேயே எடுக்கப்படுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்க வேண்டும்.

அன்றிரவு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. ஏதேனும் ஒரு பல்லில் திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு வெட்டும். ஒரு கணம்தான், போய்விடும், மறுபடி வரும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தெரிந்து அனுபவிப்பவர் தாங்கிக்கொள்கிறார். யாரும் சொல்லாமல் விடப்பட்டவர் நள்ளிரவில் பல் போய்விட்டதோ என்று நடுங்குகிறார்.

வீட்டில் நடப்பது

டிரே முறை தற்செயலாகப் பிறந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் கிளஸ்மையர் என்ற பல் சீரமைப்பு நிபுணர், ஈறு புண் ஆறுவதற்காகக் கிருமிநாசினி ஒன்றைப் பல் கிளிப்பில் இட்டு இரவில் அணியச் சொன்னார். அதில் 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு இருந்தது. புண்ணும் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவர்கள் இதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. இன்றும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக நிற்பது அதே 10 சதவீத ஜெல்தான்.

10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் மூன்றரை சதவீதம். கிளினிக் ஜெல்லில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது மெல்ல மெல்ல வெளிவருகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் ஏறத்தாழ பாதி வீரியம் மிச்சமிருக்கும். அதனால்தான் தூங்கும்போது அணிவது லாபம். 16, 22 சதவீத ஜெல்களும் உண்டு. அவை ஓரளவு வேகம், கூச்சமும் அதற்கேற்ப அதிகம். அவசரம் இல்லாதவருக்கு நான் 10-ஐத் தாண்டுவதில்லை.

முதல் நாள் மருத்துவர் பல்லுக்கு அளவு எடுப்பார். வாயில் குளிர்ச்சியான மாவுபோல் ஒன்றை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வார். அந்த அச்சில் ஊற்றிய பல் மாதிரியின் மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சிப் பதித்து, ஈறு ஓரத்தை ஒட்டி வெட்டினால் டிரே தயார். இந்த வெட்டில்தான் கைத்திறன் இருக்கிறது. விளிம்பு ஈறில் உரசினால் மூன்றாம் நாளே டிரே அலமாரிக்குப் போய்விடும். ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் ஓர் அரிசி அளவு ஜெல் போதும். பிதுங்கி வருவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். காலையில் டிரேயைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் கழுவி, பல் துலக்கிவிட்டு வேலைக்குப் போகலாம். ஜெல் சிரிஞ்சைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

சாதாரண மஞ்சள் பல்லுக்கு இரண்டு வாரம் போதும். சிலருக்கு நான்கு வரை போகும். கூச்சம் இதிலும் வரும். ஆனால் கட்டுப்பாடு நோயாளியின் கையில் இருக்கிறது. கூசினால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு அணியலாம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே டிரேயில் இட்டு அரை மணி நேரம் வைத்தால் அடங்கும். எந்தப் படியில் நிறம் போதும் என்று நிறுத்துவதும் அவரே. வீரியமான ஜெல்லை ஒருமுறை வைத்து எடுத்த பிறகு இப்படி எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கடைசியில் கிடைக்கும் வெண்மையில் இரு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாற்காலி முறையில் அந்த இடத்துக்கு வர ஒரு அமர்வு பலருக்குப் போதுவதில்லை. இரண்டு, மூன்று ஆகிவிடும். எந்த முறையிலும் வெண்மை நிரந்தரமல்ல, ஓரிரு வருடத்தில் கொஞ்சம் மங்கத் தொடங்கும். அப்போது டிரே வைத்திருப்பவர் ஒரு சிரிஞ்சு ஜெல் மட்டும் வாங்கி இரண்டு மூன்று இரவு அணிந்தால் முடிந்தது. மற்றவர் மறுபடி நாற்காலிக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

நாற்காலி முறை யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்கிறேன். டிரே வாயில் இருந்தால் குமட்டுபவர்கள், வாரக்கணக்கில் ஒழுங்காக அணிய மாட்டோம் என்று தங்களைத் தெரிந்தவர்கள், வெளியூரிலிருந்து சில நாள் விடுமுறையில் வந்திருப்பவர்கள். ஒரு அமர்வில் தொடங்கி, மீதியை டிரேயில் முடிப்பதும் நல்ல ஏற்பாடுதான்.

கல்யாண அவசரம்

பொருந்தாதவர்கள் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு வருகிறார்கள். மகளை அழைத்துவந்த ஒரு தாயார், “ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் டாக்டர், ஒரே நாளில் முடிகிற லேசரையே செய்துவிடுங்கள்” என்றார். பெண்ணின் மேல் முன்பல்லில் சிறுவயதில் விழுந்து உடைந்த மூலையை யாரோ அருமையாக அடைத்திருந்தார்கள். பல்லின் மஞ்சளோடு நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. “அம்மா, பல் வெளுக்கும், அடைப்பு வெளுக்காது. மணமேடையில் அந்த மூலை மட்டும் தனியாக மஞ்சளாகத் தெரியும்” என்று கண்ணாடியில் காட்டினேன். அடைப்பை உடனே மாற்றவும் முடியாது. வெண்மையாக்கிய பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் போக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் வைத்தால் புது அடைப்பு சரியாக ஒட்டாது. அன்று ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்து அனுப்பினேன். டிரே மறுவீட்டுக்குப் பிறகு.

கேப், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு), அடைப்பு எதுவும் பிளீச்சிங்கில் நிறம் மாறாது. முன்பல்லில் இவை இருப்பவர்கள் வெண்மையாக்கிய பிறகு அவற்றைப் புதிதாக மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விசேஷத்துக்காகச் செய்பவர்கள் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பு வந்துவிடுங்கள்.

ஒற்றைக் கறுப்புப் பல்

அடிபட்டோ, ரூட் கெனால் செய்த பிறகோ ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறமானால் மேற்சொன்ன இரண்டும் சரியான வழியல்ல. உள்ளிருந்து செய்ய வேண்டும். பல்லின் பின்பக்கம் திறந்து, வேர் நிரப்பின் மேல் இரண்டு மில்லிமீட்டர் சிமென்ட் தடுப்பு வைத்து, மேலே சோடியம் பெர்போரேட் மருந்தை அடைத்து அனுப்புவார்கள். வாரத்துக்கு ஒருமுறை மருந்து மாற்றினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு தடவையில் நிறம் வந்துவிடும். அந்தத் தடுப்பு முக்கியம்; இல்லாவிட்டால் வேரின் கழுத்துப் பகுதி வெளியிலிருந்து அரித்துப்போகும் ஆபத்து உண்டு. இதற்குப் போட்டி, பல்லைச் சுற்றிச் செதுக்கிக் கேப் போடுவது. மிச்சப் பல் திடமாக இருந்தால் செதுக்குவதற்கு முன் உள்ளிருந்து வெண்மையாக்கும் முறையைக் கேட்டுப் பெறுங்கள்.

தர்மபுரிப் பற்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம். மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் குடித்த குழந்தைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் விழுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. புதிய தண்ணீர் இனிப் பிறக்கும் குழந்தைகளைக் காக்கும். முளைத்துவிட்ட பல்லை மாற்றாது. பெண் பார்க்க வரும்போது வாயைக் கைக்குட்டையால் மறைக்கும் பெண்களும், நேர்முகத் தேர்வில் சிரிக்காத இளைஞர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இவர்களுக்கு வெறும் பிளீச்சிங் அரைகுறைத் தீர்வு. பழுப்பு மங்கும், ஆனால் வெள்ளைத் திட்டுகள் போகாது. தொடக்கத்தில் இன்னும் எடுப்பாகவே தெரியும். அமிலமும் பியூமிஸ் (எரிமலைக் கல்) தூளும் கலந்த பசையால் எனாமலின் மேற்படலத்தை மிக மெல்லியதாக நீக்கும் மைக்ரோஅப்ரேஷன், பிறகு சில வாரம் டிரே என்று இரண்டையும் இணைத்தால் மிதமான பாதிப்புக்கு நல்ல பலன் கிடைக்கும். வெள்ளைத் திட்டுகளுக்குள் பிசினை ஊறவைத்து மறைக்கும் முறையும் இருக்கிறது, செலவு கூடுதல். குழி விழுந்த பற்களுக்கு வெனீர்தான். சிறுவயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டுச் சாம்பல் பட்டை விழுந்தவர்கள் வாரக்கணக்கை நினைக்கவே கூடாது. டிரேயை மாதக்கணக்கில், சில சமயம் ஆறு மாதம் அணிய வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாதவர்களும் செய்யக் கூடாத இடங்களும்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். சொத்தை, விரிசல், ஈறு வீக்கம் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள பொருளைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே பெற முடியும். 18 வயதுக்குக் கீழே அதுவும் கிடையாது. இங்கே அழகு நிலையத்திலும் வணிக வளாகக் கடையிலும் விளக்கைக் காட்டிப் பல் வெளுப்பாக்குகிறார்கள். இந்தியாவில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் பல் மருத்துவம் பார்க்கலாம். ஆகவே உட்காருவதற்கு முன் மருத்துவரின் பதிவு எண் என்ன, ஜெல் எத்தனை சதவீதம், பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் என் பல் இப்போது எந்த எண் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே அட்டையை வைத்துப் பார்த்தால்தான் எத்தனை படி மாறியது என்று தெரியும்.