மணம் மறைக்கும் மான் வேட்டை உடுப்பு: வன்னியில் போட்டுப் பார்த்தபின்

மான் வேட்டைக்காரருக்கென்று அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் ‘மணம் மறைக்கும்’ உடுப்பு ஒரு சோடி என்னிடம் இருக்கிறது. ஒன்ராறியோவில் இருக்கும் அத்தான் கொண்டுவந்து தந்தது. ஒரு ஜக்கெற், ஒரு காற்சட்டை, முகத்தையும் கழுத்தையும் மூடும் ஒரு தொப்பி. அதைப் போட்டபடி நான் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, “உது உண்மையிலை வேலை செய்யுதோ?” என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிக்கவும் சிலர் யோசிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: காசைச் செலவழிக்க வேண்டாம்.

நான் வேட்டைக்காரன் இல்லை. கொக்குவிலில் இருந்து கலியாண வீட்டுப் படம் எடுப்பது தொழில். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வராது; அந்த நாட்களில் கமராவைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போய்விடுவேன். இலங்கையில் மானைச் சுடுவது 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் அவ்வளவு பழையது, ஆனாலும் மிருகம் வரும் வழியில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் கண்ணியும் இன்னும் ஓயவில்லை. இறைச்சிக்காக இரவில் காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுக்கிறவர்களுக்கும், கனடா போன்ற நாடுகளில் அனுமதிப்பத்திரத்தோடு வேட்டைக்குப் போகும் எங்கள் ஆட்களுக்கும்தான் இது.

உடுப்பைக் கையில் எடுத்தவுடன் பிடித்துப்போனது. தையல் நேர்த்தி. வெளித்துணி மெத்தென்று இருக்கிறது, உரசினாலும் சத்தம் வராது. உட்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் நுணுக்கமான கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அதுதான் உயிர்ப்பூட்டிய கரி. கரியை மிகக் கூடிய சூட்டில் நீராவி விட்டுப் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கணக்கில்லாமல் உண்டாகும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் 1000 சதுர மீற்றர் அளவில் வரும். எங்கள் தோட்டக் காணிக் கணக்கில் நாலு பரப்பு. மணம் தரும் மூலக்கூறுகள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டியிலும் நச்சுப்புகை முகமூடியிலும் இருப்பது இதே சரக்கு. தேங்காய்ச் சிரட்டையில் இருந்து இதைச் செய்து உலகத்துக்கு விற்கும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆகவே கரி மணத்தைப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் கரிக்கு ஆள் மணம், அடுப்படி மணம் என்ற வேறுபாடு கிடையாது. எங்கள் வீட்டில் தூள் வறுக்கும் நாளை எடுங்கள். செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் தாச்சியில் சிவக்கும்போது தெருவில் போகிறவனே தும்முவான். வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. விறாந்தையில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் மணம். அலுமாரிக்குள் பூச்சி உருண்டை. வெளியே தொங்கும் ஜக்கெற் இத்தனையையும் இழுத்துக்கொள்ளும், இழுத்து முடிய எனது வியர்வைக்கு அதில் இடம் இராது. காற்றுப் புகாத பையில் போட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நான் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஏ9 வீதியில் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாங்குளம் வரை போனபோதும் பையைத் திறக்கவில்லை. வயல் கொட்டிலில் போய்த்தான் மாற்றினேன்.

துளைகள் நிரம்பிவிட்டால் வீட்டில் உடுப்பு உலர்த்தும் மெசினில் போட்டுச் சூடாக்கினால் கரி மறுபடி புதிதாகும் என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்கள். தொழிற்சாலையில் பாவித்த கரியைப் புதுப்பிக்க 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். வீட்டு மெசின் எழுபது பாகை மட்டில் நிற்கும். கரிக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்தால் துணி எரிந்துபோகும். லேசாக ஒட்டியிருந்த சில மணங்கள் கழன்று போகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இங்கே எத்தனை வீட்டில் அந்த மெசின் இருக்கிறது? நான் கொடியில் போட்டு வெயில் காட்டினேன்.

இந்த விளம்பரங்களுக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்திருக்கிறது. சென்ட்-லொக் என்ற பெயரில் இவ்வகை உடுப்பைச் செய்யும் நிறுவனத்தின் மீதும் விற்ற கடைகள் மீதும் மினசோட்டா வேட்டைக்காரர் சிலர் 2007 இல் வழக்குப் போட்டார்கள். மணத்தை ஒழிக்கும் என்று சொன்னதும், வீட்டு மெசினில் கரி புதிதுபோல ஆகும் என்று சொன்னதும் உண்மையல்ல என்று 2010 இல் நீதிபதி றிச்சர்ட் கைல் தீர்ப்பளித்தார். 2011 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது யார் வென்றார் என்பதல்ல. எந்த உடுப்பும் ஆள் மணத்தை நூறு வீதம் இல்லாமல் செய்யாது என்பதில் இரண்டு பக்கத்து நிபுணர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

“நூறு வேண்டாம், தொண்ணூறு வீதம் போனாலே காணும் தானே தம்பி?” என்பது அத்தானின் கேள்வி. மனிதரின் மூக்குக்குக் காணும். மானுக்கு மிச்சம் இருக்கும் பத்தே போதும். அதோடு உடுப்புக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்: விடும் மூச்சு, கை, சப்பாத்து, கமராப் பையின் வியர்வை ஊறிய வார். காலையில் குடித்த தேத்தண்ணி மணம் மூச்சோடு போகிறது. ஜக்கெற் அதை என்ன செய்யும்?

ஜோன் ஷிவிக் என்ற காட்டுயிர் ஆய்வாளர் இதை நாய்களை வைத்துச் சோதித்து 2002 இல் எழுதியிருக்கிறார். ஒளிந்திருக்கும் ஆட்களைத் தேடப் பழக்கிய நாய்கள் அவை. கரி உடுப்புப் போட்டவர்களையும் சாதாரண உடுப்புப் போட்டவர்களையும் நாய்கள் தேடிப் பிடித்தன, உடுப்பால் அவற்றுக்குப் பெரிய தடை வந்ததாகத் தெரியவில்லை. நாய் வேறு மான் வேறு என்று சொல்லலாம்தான். ஆனால் தன் உயிருக்காக மணம் பிடிக்கும் மிருகம், நாயைவிட அசட்டையாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இனி நான் பார்த்தது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் தெரிந்தவர்களின் வயல், அதன் தலைப்பில் ஒரு சின்னக் குளம், குளத்துக்குப் பின்னால் காடு. ஆடி மாதம் குளம் வற்றி ஓரச் சேறு பாளம் பாளமாக வெடித்து, நடுவில் மட்டும் தண்ணீர் இருக்கும். பொழுது சாய மான்கள் அங்கே இறங்கும். ஆட்கள் வழமையாக நடக்கும் பாதையை விட்டு நான் விலகுவதில்லை. மிதிவெடி கிடந்த மண் அது. குளக்கட்டில் இருந்து பார்த்தால் சோளகக் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பதில் மயக்கமே இராது, ஒரே சீராக அடிக்கும். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

காற்று என் முதுகில் பட்டுக் காட்டுப் பக்கம் போகும் இடத்தில், உடுப்பை முழுவதும் போட்டு, தொப்பியையும் இழுத்துவிட்டு இருந்தேன். கூட்டத்துக்கு முன்னால் வந்த பெண் மான் மர நிழலை விட்டு வெளியே வரவே இல்லை. தலையைத் தூக்கியது. மூக்கு என் பக்கம் திரும்பியது, கண் அல்ல. ஈரமான கறுப்பு மூக்கு நுனி சுருங்கி விரிவது லென்ஸுக்குள் தெளிவாகத் தெரிந்தது. முன்காலைத் தூக்கி நிலத்தில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. வால் நிமிர்ந்து கீழ்ப்பக்க வெள்ளை தெரிய, கூர்மையாக ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், காட்டுக்குள் சருகு முறியும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கூட்டம் அன்று தண்ணீர் குடிக்காமலே போனது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

பிறகு ஒரு மாலை, எதிர்க்கரையில், காற்று முகத்தில் அடிக்க, பழைய பருத்திச் சேட்டோடு இருந்தேன். மான்கள் இறங்கின, குடித்தன, குட்டிகள் சேற்றோரம் துள்ளின. நான் எடுத்த மான் படங்களில் பலரும் பாராட்டிய படம் அன்றைக்கு எடுத்தது. அந்தப் படத்தில் கரி உடுப்புக்குப் பங்கில்லை. இடத்தையும் உடுப்பையும் மாற்றி மாற்றி இருந்து பார்த்தபோதும் காற்றின் பக்கம்தான் முடிவைத் தீர்மானித்தது.

இன்னொரு பெரிய குறை வெக்கை. ஒன்ராறியோவின் ஐப்பசி, கார்த்திகைக் குளிருக்குத் தைத்த உடுப்பு இது. ஆடி வெயிலில் வன்னியில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே முழுக்க நனைந்துவிடும். வியர்வை கூடினால் மணமும் கூடும், ஈரம் ஏறினால் கரியின் பிடிப்பும் குறையும். மணத்தை அடக்க வாங்கிய உடுப்பு மணத்தைப் பெருக்குகிறது. பொக்கற்றை மூடும் ஒட்டுப் பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியப்புற அமைதியில் அதைப் பிரித்தால் ‘கர்ர்ர்’ என்று துணி கிழிவது போலக் கேட்கும். அவ்வளவு மெத்தென்ற துணியைத் தெரிந்தெடுத்தவர்கள் இந்தப் பட்டியை ஏன் தைத்தார்களோ தெரியவில்லை, பொத்தானே போதும்.

அப்புறம் மந்திகள். எங்கள் காட்டில் புள்ளிமானும் மந்தியும் சேர்ந்தே திரியும். மந்தி மேலே இருந்து இலையும் காயும் கொட்டும், கீழே மான் பொறுக்கும். ஆளைக் கண்ட மந்தி சத்தம் போட்டால் மானுக்கு மணம் தேவையே இல்லை. இந்த உடுப்பை விற்கும் அமெரிக்காவிலும் கனடாவிலும் காடுகளில் இயல்பாக வாழும் குரங்கு கிடையாது, அதனால் இந்த உடுப்பைச் செய்தவர்கள் அதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. வாங்க நினைக்கும் எங்கள் ஆட்கள் யோசிக்க வேண்டும்.

வயலில் காவல் இருக்கும் அண்ணை ஒருவர் இந்த உடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல உடுப்புத்தான் தம்பி, பனிக்கு உதவும். மானைப் பாக்கிறதெண்டால் காத்தைப் பார்.” அடுப்புச் சாம்பலைச் சின்னத் துணியில் முடிந்து மடியில் வைத்திருப்பார். விரலால் தட்டினால் தூசி மெல்லப் பறந்து, முகத்தில் உணர முடியாத காற்றையும் காட்டிக்கொடுக்கும். நான் அதை அவரிடம்தான் படித்தேன். முகப்பவுடரும் பறக்கும், ஆனால் அதன் வாசனையே ஊரைக் கூட்டும். மார்கழியில் வாடை அடிக்கும்போது நிலைமை வேறு: எல்லாக் குளமும் நிரம்பி, மான் எங்கும் சிதறிப் போயிருக்கும், காற்றும் மழையோடு திசை மாறி மாறி வீசும். அந்த மாதத்தில் சாம்பல் முடிச்சு இல்லாமல் நான் உட்காருவதே இல்லை. விடியும் முன் காற்றே இல்லை என்று தோன்றும் வேளையிலும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். குளக்கட்டின் மேல் இருந்தால் உங்கள் மணம் நேரே தண்ணீரோரம் இறங்கும்.

திருகோணமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கோணேசர் கோயில் வீதியிலும் கோட்டைக்குள்ளும் இதே புள்ளிமான்தான், ஆட்களின் கையிலிருந்து வாழைப்பழத் தோல் வாங்கித் தின்னும். அதே மூக்கு, அதே ஆள் மணம், ஓட்டம் இல்லை. வன்னி மான் ஓடுவது அந்த மணத்தோடு துவக்கும் கண்ணியும் சேர்ந்து வருவதால். அதன் பயத்தை நாங்கள்தான் உண்டாக்கினோம். உடுப்புக்கு உள்ளே ஒளிவதைவிட, அந்தக் கட்டுத்துவக்குகளை நிறுத்தினால் எங்கள் பிள்ளைகள் மானைக் கிட்டப் பார்ப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்ராறியோவில் உதவாதா என்றால், அத்தான் உதவும் என்று அடித்துச் சொல்கிறார். மரத்தில் உயரத் தட்டுக் கட்டி, குளிரில், வில்லோடு இருப்பவர் அவர். ஆனால் வேட்டைக்கு முன் மணமில்லாத சவுக்காரத்தில் குளிக்கிறார், உடுப்பைத் தனியாகத் தோய்த்துப் பெட்டியில் பூட்டுகிறார், அன்றைய காற்றைப் பார்த்துத்தான் எந்த மரம் என்று முடிவெடுக்கிறார். இவ்வளவும் செய்தால் சாதாரணக் கம்பளிச் சேட்டோடும் மான் வரும். உடுப்பில்லாமல் அவர் இருந்து பார்த்ததில்லை, அதனால் அவரது சாட்சியை நான் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிரில் கரி கொஞ்சம் மணத்தைக் குறைத்து, சுழலும் காற்றில் சில கணங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஜக்கெற்றும் காற்சட்டையுமாகச் சில நூறு டொலர் அதற்குக் கொடுப்பதா என்பது அங்கே இருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

இங்கே இருப்பவர்கள் வாசனை இல்லாத சவுக்காரத்தில் தோய்த்த, முழுக்கை வைத்த, மங்கிய பச்சையோ மண் நிறமோ உள்ள பருத்திச் சேட்டோடு போங்கள். நீலம் போட்டுத் தோய்த்த வெள்ளை வேண்டாம். மானின் கண் சிவப்பில் மந்தம், நீலத்தில் கூர்மை. தலைக்கு எண்ணெய் வைக்காமல், வெத்திலை போடாமல் போனால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் இருந்து ஏதாவது எடுப்பிக்கத்தான் வேண்டும் என்றால் கமராவையும் ஆளையும் மூடும் மெல்லிய மறைப்பு வலை கேளுங்கள். விலை குறைவு, வெக்கை இல்லை, மந்தியின் கண்ணில் படாமல் இருக்கவும் உதவும்.

என் சோடி உடுப்பை ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இரவல் கேட்டால் தருகிறேன். அந்தக் குளிருக்கு அருமையாக இருக்கும். திருப்பித் தரும்போது தோய்க்க வேண்டாம், பையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு வாருங்கள்.