தேடினால் முதலில் வந்த பென் டிரைவ்

ஜெர்மனியிலிருந்து ஊருக்கு, சென்னைக்கு வந்திருந்தபோது, அத்தைக்குப் பழைய கல்யாண வீடியோக்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. "ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இந்த வெயில்ல எதுக்குப் போறே? போன்ல தேடு, முதல்ல வர்றதை ஆர்டர் பண்ணு" என்றார்கள் வீட்டில். ரிச்சி ஸ்ட்ரீட் என்பது சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. சரி, அதையும் சோதித்துவிடுவோம் என்று முதலில் வந்ததையே வாங்கினேன். 2 டிபி (அதாவது சுமார் 2,000 ஜிபி), 799 ரூபாய், நாலரை நட்சத்திரம். மேலே பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு', அதாவது காசு கொடுத்து முன்னால் வரவைத்த விளம்பரம்.

ஜெர்மனியில் புது பென் டிரைவ் வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அங்குள்ள கணினிப் பத்திரிகை ஒன்று இலவசமாகத் தரும் மென்பொருள். டிரைவை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். இரவில் 100 ஜிபிக்கு மட்டும் ஓடவிட்டேன். காலையில் 29 ஜிபிதான் தேறியது. உள்ளே இருப்பது சின்ன மெமரி. 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி சிப்பை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஏற்றும் ஃபைலுக்குப் பெயர் தெரியும், திறக்காது. அத்தையாக இருந்தால் டிவியில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவ்வளவு நட்சத்திரம் எப்படி? பொருள் வந்த அன்றே நாலு பாட்டு ஏற்றிவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். நாலு பாட்டு நன்றாகவே பாடும். நிரம்பும்போதுதான் குட்டு உடையும், அதற்குள் மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும். ஜெர்மனியில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம், பணம் வந்துவிடும். இங்கே இதற்கு 7 நாள், அதுவும் மாற்றுப் பொருள் மட்டும். மாற்றி வந்ததும் அதே 29 ஜிபி! எந்த அடிப்படையில் பொருளை வரிசைப்படுத்துகிறோம் என்று தளங்கள் விளக்க வேண்டும் என்று இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. அந்த விளக்கத்தைத் தேடிப் படிப்பவர் யார்?

அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போனேன். அப்பாவோடு போன காலத்தில் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து, கணினியில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பில் எழுதுவார். இப்போதும் அதேதான்: "போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கோங்க சார்." 128 ஜிபி, பில்லோடு, வாரண்டியோடு. வீட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஊருக்குப் போகிறவர்கள் அந்த மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள். பார்சல் வந்த அன்று இரவே ஓட்டிவிடுங்கள்.