யூஎஸ்பி-சீரியல் அடாப்டர்: சிப் சரி, கேபிள் மோசம்

சீரியல் போர்ட் உள்ள கருவிகளைக் கணினியின் யூஎஸ்பியில் இணைக்கும் பெயர் தெரியாத மலிவு அடாப்டர், உள்ளே சிஎச்340 சிப். வாங்கலாம், ஆனால் கூட வரும் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டிரைவர் தேட வேண்டியதில்லை, லினக்ஸ் கெர்னலிலேயே இந்தச் சிப்பையும் கையாளும் சிஎச்341 டிரைவர் மாட்யூல் இருக்கிறது. இருந்தும் உபுண்டு 22.04-இல் செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 (அடாப்டருக்கு லினக்ஸ் தரும் போர்ட் பெயர்) தோன்றி உடனே மறைந்தது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியைப் பார்த்தால், பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் மென்பொருள் இந்தச் சிப்பின் ஐடியைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி இல்லாதவர்கள் அதை நீக்கினால் போதும். அப்புறமும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது, பிளக்கை லேசாக அசைத்தாலே 'டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி விழும், சீரியல் டெர்மினல் மென்பொருளான மினிகாம் பழைய போர்ட்டை விடாததால் திரும்பி வரும்போது டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிவிடும், எரிச்சல்! குட்டையான வேறு கேபிள் போட்டதும் 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. பெர்மிஷன் பிழை வந்தால் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் பயனர் குழுவில் சேர்ந்து மறுபடி லாகின் செய்யுங்கள்.