பயர்பாக்ஸா குரோமா: பக்கம் உடையும்போது எதைத் திறப்பது?

போன மாதம் ஒரு செய்தித் தளத்துக்கு முகப்புப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். இடது பக்கம் படம், வலது பக்கம் தலைப்பு, அவ்வளவுதான் ஒரு கார்டு. கம்ப்யூட்டரில் லட்சணமாக இருந்தது. 360 பிக்சல் அகல மொபைலில் பார்த்தால் பக்கமே பக்கவாட்டில் நகர்கிறது. ஒரே ஒரு கார்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் தலைப்பில் 'அறிவிக்கப்பட்டிருந்தபோதிலும்' என்று ஒரு நீளமான சொல்.

பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரவுசருக்குள்ளேயே திறந்து காட்டும் டெவலப்பர் கருவிகள் குரோமிலும் உண்டு, பயர்பாக்ஸிலும் உண்டு. முதலில் குரோமில் இன்ஸ்பெக்ட் செய்தேன். தலைப்பின் அகலம் எத்தனை பிக்சல் என்று காட்டியது. ஏன் அத்தனை என்பதை நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அதே பக்கத்தைப் பயர்பாக்ஸில் திறந்து, லேஅவுட் பகுதியில் அந்தத் தலைப்பைத் தொட்டேன். கணக்கையே போட்டுக் காட்டிவிட்டது: அடிப்படை அளவு இவ்வளவு, சுருங்க வேண்டியது இவ்வளவு, குறைந்தபட்ச அளவு தடுத்துவிட்டதால் கடைசியில் நின்றது இவ்வளவு. விஷயம் இதுதான். ஃப்ளெக்ஸ் (பகுதிகளை வரிசையாக அடுக்கும் முறை) பெட்டிக்குள் இருக்கும் எலிமென்ட், அதாவது பக்கத்தின் ஒரு பகுதி, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், தன்னிடம் உள்ள மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொல் வந்தால்தான் வெளியே தெரியும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஓவர்ஃப்ளோ-ராப் (overflow-wrap) என்பதற்கு எனிவேர் (anywhere) என்று ஒரு வரி சேர்த்தேன், சொல் மடங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து என் பழக்கம் மாறவில்லை: பக்கத்தைக் கட்டும்போது பயர்பாக்ஸ், வேகத்தை அளக்கும்போது குரோம்.

பயர்பாக்ஸுக்கு இதில் பழைய பரம்பரை உண்டு. 2006-ல் ஜோ ஹெவிட் எழுதிய ஃபயர்பக் என்ற நீட்சிதான் (எக்ஸ்டென்ஷன்), பிரவுசருக்குள்ளேயே பக்கத்தைப் பிரித்து மேயலாம் என்று பலருக்கும் பழக்கிக் கொடுத்தது. 2017 மார்ச்சில் சிஎஸ்எஸ் கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் முறை) வந்தபோதே, அதன் கோடுகளைப் பக்கத்தின் மேல் வரைந்து காட்டும் கருவியும் பயர்பாக்ஸில் இருந்தது. குரோமில் அது வர 2020 ஆகிவிட்டது. இப்போது இரண்டிலும் கிரிட் கருவி நன்றாகவே இருக்கிறது, அதை வைத்துத் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

வேலை செய்யாத சிஎஸ்எஸ் வரியைச் சாம்பல் நிறமாக்கிக் காரணம் சொல்வதும் பயர்பாக்ஸில் 2019-ல் வந்தது. வரிக்குள் சில சொற்களை மட்டும் சுற்றி நிற்கும் ஸ்பேன் ஒன்றுக்கு அகலம் கொடுத்துவிட்டு ஏன் மாறவில்லை என்று விழிக்கிறோம் அல்லவா? பக்கத்திலேயே ஒரு சின்னக் குறி. அதன் மேல் மவுஸை வைத்தால், இது இன்லைன் (வரியோடு வரியாக ஓடும்) எலிமென்ட், டிஸ்பிளேயை மாற்றிப் பார் என்று சொல்லும். குரோமும் பிற்பாடு இதைக் கொண்டுவந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பேன்.

தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபாண்ட். பாப்பின்ஸ் என்ற ஃபாண்டில் தமிழ் எழுத்தே கிடையாது. அதை மட்டும் கொடுத்துவிட்டால் விண்டோஸில் தமிழ் பெரும்பாலும் நிர்மலா யூஐக்குப் போய்விடும், ஆண்ட்ராய்டில் நோட்டோவுக்கு. குரோமில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில், எந்த ஃபாண்டிலிருந்து எத்தனை எழுத்துருவங்கள் வந்தன என்று எண்ணிக்கையோடு இருக்கும். பயர்பாக்ஸில் ஃபாண்ட் பெயரின் மேல் மவுஸை வைத்தால், அந்த ஃபாண்ட் பயன்பட்ட இடங்கள் பக்கத்திலேயே ஒளிரும். கூடவே எழுத்தளவு, வரி உயரம், தடிமனுக்கு ஸ்லைடர்கள். மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளாத இடம்வரை வரி உயரத்தை இழுத்துப் பார்த்து நிறுத்தலாம். இந்த ஒரு வேலைக்காகவே நான் பயர்பாக்ஸை விடமாட்டேன்.

சரி, வேகம் என்று வந்தால் குரோம்தான். பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்தாலே எல்சிபி (பக்கத்தின் மிகப் பெரிய உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரம்), ஐஎன்பி (தொட்டதற்குப் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்), சிஎல்எஸ் (பக்கத்தில் உள்ளவை எவ்வளவு இடம் நகர்கின்றன என்ற அளவு) மூன்றும் உடனுக்குடன் ஓடும். முறையே 2.5 விநாடி, 200 மில்லிவிநாடி, 0.1 என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும். பிராசஸரின் வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நம் லேப்டாப்பில் பறக்கும் மெனு, விலை குறைந்த மொபைல் வைத்திருப்பவர் கையில் எப்படித் திணறும் என்று அப்போதுதான் தெரியும். எந்தக் கோப்பில் எவ்வளவு பகுதி பயன்படாமல் கிடக்கிறது என்று கவரேஜ் என்ற பகுதி சிவப்புக் கோடாகக் காட்டிவிடும். பயர்பாக்ஸின் புரொஃபைலரில் (வேகத்தைப் பதிவு செய்யும் கருவி) பதிவைச் சுட்டியாக்கிச் சக ஊழியருக்கு அனுப்பும் வசதி அருமை, ஆனால் அன்றாடச் சோதனைக்கு குரோம் கைக்கு எளிது.

இன்னொன்று லோக்கல் ஓவர்ரைட்ஸ். சர்வரைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் சிஎஸ்எஸ் கோப்பை நம் கம்ப்யூட்டரில் மட்டும் மாற்றி வைக்கலாம்; பக்கத்தை ரீலோட் செய்தாலும் மாற்றம் அப்படியே இருக்கும். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே நிறம் மாற்றிக் காட்ட இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் சஃபாரி. ஐபோனில் பக்கம் எப்படி வருகிறது என்று ஆப்பிளின் கருவியால் சோதிக்க மேக் வேண்டும். என்னிடம் மேக் கிடையாது. வெளியிடுவதற்கு முந்தைய நாள் நண்பரின் மேக்கில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஐபோனைக் கேபிளில் இணைத்து, நீளமான தலைப்புள்ள கார்டுகளை முதலில் பார்த்துவிடுகிறேன்.